அடுப்பு பற்றவைக்கும் முன்



நம் சமையல் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவர்களில் பலர், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்ச் சில மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பிய பெற்றோர். சிலர் அங்கேயே படித்து, வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கே தெருமுனைச் சீனக் கடையில், கம்பிக் கைப்பிடி வைத்த வெள்ளை அட்டைப் பெட்டியில் வாங்கிச் சாப்பிட்ட கோழி வதக்கல் அவர்கள் நாக்கிலேயே நிற்கிறது. வீட்டில் செய்து பார்த்தால் அது வருவதில்லை. கோழி வறண்டு நார்நாராகப் பிரிகிறது. காய் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. சாஸ் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் என்று தட்டில் தனித்தனியாகக் கிடக்கின்றன. அவர்கள் ரகசியமாக ஏதோ போடுகிறார்கள், அது என்னவென்று விசாரித்துச் சொல்லுங்கள் என்றுதான் பெரும்பாலான கடிதங்கள் முடிகின்றன.

ரகசியப் பொருள் என்று ஒன்று இல்லை. அந்தக் கடைகளில் இருக்கும் சாமான்களில் ஏறக்குறைய எல்லாமே இப்போது நம் ஊர்ப் பெரிய மளிகைக் கடைகளிலும் கிடைக்கின்றன. நம்மிடம் இல்லாதது வேலைமுறை. கறியை எந்தப் பக்கமாக வெட்டுகிறோம், எதில் ஊறவைக்கிறோம், ஈரம் போகத் துடைத்தோமா, சாஸை முன்கூட்டியே கலந்து வைத்தோமா என்பதிலேயே ருசியில் பெரும்பங்கு தீர்மானமாகிவிடுகிறது. சட்டியில் நடக்கிற வேலை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஆயத்த வேலைகளைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்கச் சீனக் கடைகளில் கோழி வதக்கல் பல விதம். புரோக்கோலி சேர்த்தது, காளான் சேர்த்தது, நிலக்கடலையும் காய்ந்த மிளகாயும் சேர்த்த குங் பாவ் என்று பட்டியல் நீளும். நமக்காக நான் எடுத்துக்கொண்டது முந்திரிக் கோழி. முந்திரிக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம், பண்ருட்டி இருக்கிறது. குடைமிளகாயும் வெங்காயமும் எந்த ஊர்ச் சந்தையிலும் உண்டு.

நான்கு பேருக்கு அரைக் கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறி போதும். கடைக்காரரிடம் துண்டு போடாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். அவர் போடுகிற துண்டு குழம்புக்கும் பிரியாணிக்கும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. நாட்டுக்கோழியும் வேண்டாம். அதன் ருசி நின்று கொதிக்கிற குழம்பில் இறங்குவது. சில நிமிட வதக்கலில் அது மசியாது. தொடைக்கறி பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம், அதில் கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

கறியை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். உறைய வேண்டாம், விறைத்தால் போதும். விறைத்த கறி கத்திக்கு வழுக்காது, மெல்லியதாக வெட்ட வரும். வெளியே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பலகையில் வைத்துக் கிட்டத்தில் பாருங்கள். மேலே ஒரு மெல்லிய பளபளப்பு, அதற்கடியில் தலைமுடி அளவுக்கு நெருக்கமாக ஓடும் வெள்ளைக் கோடுகள். அவைதான் நார்கள். அகன்ற பக்கத்திலிருந்து கூம்பிய முனையை நோக்கி, சற்றே சாய்வாக ஓடும். கத்தி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இறங்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் அரை சென்டிமீட்டர் கனம், கட்டைவிரல் நீளம். வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து இரண்டு கை விரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சரியாகக் குறுக்கே வெட்டியிருந்தால் சட்டென்று பிரியும். ரப்பராக நீண்டு கொடுத்தால் நாரோடு சேர்த்து வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம், பலகையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சூடு பட்டதும் நார்கள் சுருங்கி, தமக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. நீளமான நாராக விட்டுவைத்தால் அதை அறுக்கும் வேலை பல்லுக்குப் போகிறது. கத்தி அதை முன்பே குட்டையாக்கிவிட்டால் பல்லுக்கு வேலை இல்லை.

அடுத்தது, கடிதம் எழுதியவர்கள் தேடுகிற அந்த 'ஏதோ ஒன்று'. சீனச் சமையல்காரர்கள் வதக்கப் போகிற கறியைப் பொதுவாக வெறுமனே சட்டியில் போடுவதில்லை. அதற்கு ஒரு மெல்லிய போர்வை போர்த்துகிறார்கள். ஆங்கிலச் சமையல் நூல்கள் இதை வெல்வெட்டிங் என்று குறிக்கின்றன. முட்டை வெள்ளைக்கரு, ஸ்டார்ச், சமையல் ஒயின், உப்பு ஆகியவற்றில் பிசறி, கொதிக்காத மிதமான எண்ணெயில் அரை நிமிடம் விட்டு எடுப்பது உணவகங்களின் பழைய முறை. பெரிய சட்டி நிறைய எண்ணெயை எந்நேரமும் அடுப்பில் வைத்திருக்கும் இடத்துக்கு அது சரி. வீட்டுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது.

வெட்டிய அரைக் கிலோ கறியில் அரை டீஸ்பூன் ஆப்ப சோடா தூவி, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கையால் பிசறுங்கள். இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். சோடா காரத்தன்மை உள்ளது. அது கறியின் மேற்பரப்பில் ஏறியதும், சூட்டில் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் அந்த அளவுக்கு இறுக முடியாமல் போகின்றன. இறுக்கம் குறைந்தால் பிழிந்து வெளியேறும் நீரும் குறைகிறது. இருபது நிமிடம் ஆனதும் கறியை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அலசி, தண்ணீரை மாற்றி இன்னொரு முறையும் அலசுங்கள். குழாயடியில் நேராகப் பிடித்தால் பச்சைக்கறித் தண்ணீர் மேடையெல்லாம் தெறிக்கும், அது நல்லதல்ல. அலசாமல் விட்டால் சவுக்காரச் சுவை வாயில் நிற்கும். அலசிய கறியை வடிதட்டில் போட்டு, சுத்தமான துணியாலோ சமையலறைக் காகிதத்தாலோ ஒற்றி ஒற்றி எடுங்கள். நன்றாக ஒற்ற வேண்டும். கறியில் நின்றுவிடும் ஈரம், போர்வையையும் கரைக்கும், சட்டியின் சூட்டையும் தின்னும்.

பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர், கால் டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளவர். கடையில் வாங்கும்போது மஞ்சளாக, நறநறவென்று இருக்கும் மக்காச்சோள மாவை எடுத்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது தூய வெள்ளை நிறத்தில், விரலிடுக்கில் கிறீச்சிடும் ஸ்டார்ச். கையால் பிசறிக்கொண்டே இருந்தால் கிண்ணத்தின் அடியில் தேங்கியிருந்த நீர் மெல்ல மெல்லக் காணாமல் போகும். எல்லாம் கறிக்குள் போய், ஒவ்வொரு துண்டின் மேலும் வழவழப்பான ஒரு பூச்சு நிற்கும். கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறுங்கள், சட்டியில் துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரியும். இந்தப் பூச்சு இரண்டு வேலை செய்கிறது. சூட்டில் ஜெல்லாக மாறிக் கறியின் சாற்றை உள்ளே பிடித்து வைக்கிறது. பிறகு சாஸ் வந்து சேரும்போது அதை வழியவிடாமல் தன்மேல் நிறுத்திக்கொள்கிறது. சாஸ் ஒரு பக்கம் கறி ஒரு பக்கம் என்ற புகாருக்கு மருந்து இதுதான்.

இந்த வேலைமுறையைச் சுமந்து வந்தவர்கள் யார் என்று தெரிந்துகொண்டால், சட்டியைப் பிடிக்கும்போது மனதில் ஒரு மரியாதை வரும். 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்க வேட்டை தொடங்கிய பிறகு தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி தைஷான் வட்டாரத்திலிருந்து, ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். சுரங்கத்தில் உழைத்தார்கள். 1869-இல் முடிந்த கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை மலையைக் குடைந்து போட்டவர்கள் அவர்கள்தான். வேலை முடிந்ததும் நாடு அவர்களை வேண்டாம் என்றது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று சட்டம் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடையாது. மற்றத் தொழில்கள் பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிட்ட நிலையில் துணி வெளுப்பதும் சமைத்துப் போடுவதும்தான் அவர்களுக்குப் பிழைப்பாக நின்றன.

அந்தச் சட்டத்தில் வணிகர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. வணிகர் என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம், மனைவி மக்களை அழைத்து வரலாம். 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவக உரிமையாளர்களையும் வணிகராகக் கொள்ளலாம் என்று வழிவிட்டது. அதன் பிறகு உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து பணம் போட்டு உணவகம் திறந்தார்கள். பங்காளிகள் முறைவைத்து ஒவ்வொருவராக நிர்வாகப் பொறுப்பில் அமர்ந்து, அவரவர் முறையில் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் சிற்றூர்களில்கூட ஒரு சீனக் கடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிந்து கிடந்த குடும்பங்கள் ஒன்று சேர்ந்தது இந்தச் சட்டியின் புண்ணியத்தால். விலக்குச் சட்டம் நீங்கியது 1943-இல். அப்போதும் ஆண்டுக்கு 105 பேர் என்றுதான் கதவைத் திறந்தார்கள். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகுதான் ஹாங்காங், தைவான் சமையல்காரர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

வந்த இடத்தின் நாக்குக்கு ஏற்பச் சமையல் மாறியது. எலும்பு போயிற்று, கறி கூடிற்று, சாஸ் தாராளமாயிற்று, இனிப்பு ஏறிற்று. கை லான் கீரைத்தண்டின் இடத்தில் புரோக்கோலி வந்து உட்கார்ந்தது. இது அசல் சீனச் சமையலே அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிடைத்த காயை வைத்து, வந்த வாடிக்கையாளருக்குப் பிடித்த மாதிரி, கற்றுவந்த கைப்பக்குவம் கெடாமல் சமைத்தவர்களின் சமையல் அது. அதற்கென்று ஓர் அசல் இருக்கிறது.

நம் முந்திரிக் கோழிக்கே இப்படி ஒரு வரலாறு உண்டு. குவாங்டொங்கில் பிறந்து 1940-இல் அமெரிக்கா வந்த டேவிட் லியோங், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1963-இல் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் தன் உணவகத்தைத் திறக்கவிருந்த நேரத்தில் கட்டிடத்துக்கு வெளியே யாரோ வெடி வைத்தார்கள். அவர் சரிசெய்து திறந்தார். பொரித்த கோழிக்கு உயிரை விடும் ஊர் அது. அவர் கோழித் துண்டுகளைப் பொரித்து, அதன்மேல் ஆய்ஸ்டர் சாஸ் குழம்பை ஊற்றி, முந்திரியும் வெங்காயத்தாளும் தூவிக் கொடுத்தார். இன்று அந்த ஊரின் அடையாளமே அந்த உணவுதான். லியோங் 2020-இல் தன் 99-ஆம் வயதில் காலமானார். நாடு முழுக்கச் சீனக் கடைகளில் கிடைக்கும் முந்திரிக் கோழி பெரும்பாலும் பொரிக்காத, வதக்கிய வகை. நாம் செய்யப்போவது அதைத்தான். அந்த அட்டைப் பெட்டியும் அமெரிக்காவில் பிறந்ததே. 1894-இல் சிகாகோக்காரர் ஒருவர் காப்புரிமை பெற்றது. கடைகளில் சிப்பிக்கறி கட்டிக் கொடுக்க வந்த பெட்டி அது. ஒரே அட்டையை மடித்துச் செய்வதால் ஒழுகாது என்று சீனக் கடைகள் எடுத்துக்கொண்டன.

சாஸுக்கு வருவோம். இதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து ஊற்றினால் காரியம் கெடும். ஒரு கிண்ணத்தில் முன்பே கலந்து வைத்துவிடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் ஆய்ஸ்டர் சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் இளம் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் அடர் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூள், முக்கால் டம்ளர் கோழி வேகவைத்த தண்ணீர் அல்லது வெறும் தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளவர். உப்பு தனியாக வேண்டாம், சாஸ்களிலேயே நிறைய இருக்கிறது.

இரண்டு சோயா சாஸும் ஒரே வேலைக்கு அல்ல. இளம் வகை உப்புக்கும் சுவைக்கும், அடர் வகை நிறத்துக்கு. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாட்டில் ஒன்றை வாங்கும் முன் பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர், இயற்கையாகப் புளிக்கவைத்தது என்று இருந்தால் நல்லது. கேரமல் நிறமும் உப்பும்தான் முன்னால் நிற்கின்றன என்றால் அளவைப் பாதியாக்குங்கள். ஆய்ஸ்டர் சாஸ் 1888-இல் குவாங்டொங்கின் கடலோர ஊர் ஒன்றில் லீ கும் ஷியுங் என்பவர் உருவாக்கியது. சிப்பி வேகவைத்த சாற்றைச் சுண்டவைத்தால் வரும் கெட்டியான, கரும்பழுப்பு நிறச் சாறு. இந்த வதக்கலின் ஆதாரச் சுவை அதில்தான் இருக்கிறது. கடைச் சுவை வேண்டும் என்றால் வாங்க வேண்டிய ஒரே புதிய பாட்டில் அதுதான் என்று சொல்வேன்.

அஜினோமோட்டோ பற்றிக் கேட்காத கடிதமே இல்லை. ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது. அடுத்த ஆண்டே அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு வாசகர் கடிதம், சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று சொல்லி, இதுவோ அதுவோ காரணமாக இருக்கலாம் என்று சில பொருள்களைச் சந்தேகித்தது. அந்தச் சந்தேகப் பட்டியலில் ஒன்றாக இருந்த அஜினோமோட்டோ மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிரந்தரமாக நின்றுவிட்டது. எதில் அது கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் பின்னால் நடத்திய சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அதைப் பாதுகாப்பான பொருள்களின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஒரு சமூகத்தின் சமையலையே விஷம் என்று பேச இத்தனை காலம் அது சாக்காக இருந்ததுதான் எனக்கு வருத்தம். இந்த வதக்கலுக்கு அது தனியாகத் தேவையில்லை. அதில் உள்ள குளுட்டமேட் சோயா சாஸிலும் இயல்பாகவே இருக்கிறது, தக்காளியிலும் இருக்கிறது.

இனி நெருப்பு. உணவக அடுப்பின் வேகம் வீட்டு அடுப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். சட்டியைத் தூக்கிக் குலுக்கும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீப்பிடித்து, கன்டோனியச் சமையல்காரர்கள் 'வோக் ஹே' என்று கொண்டாடும் புகைவாசத்தைத் தருகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் தைவானிலும் சீனாவிலும் சமையல்காரர்கள் சோறு வறுப்பதைப் படம்பிடித்து அளந்து, 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு குலுக்கலுக்கு ஆகும் நேரம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் நாள் முழுக்கக் கனமான சட்டியைக் குலுக்கிக் குலுக்கித் தோள்பட்டை தேய்ந்துபோகிற சமையல்காரர்கள் ஏராளம் என்பதும் அவர்களை அந்த ஆய்வுக்குத் தூண்டிய காரணங்களில் ஒன்று. பெட்டியில் வந்து சேரும் சாப்பாட்டைப் பிரிக்கும்போது அந்தத் தோள்களையும் கொஞ்சம் நினைக்கலாம்.

வீட்டில் அந்தப் புகைவாசத்தைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. சாஸ் நிறைந்த இந்த வகை வதக்கலில் அதன் பங்கு குறைவு. மென்மையும் பளபளப்பும் இருந்தால் போதும், அவை வீட்டு அடுப்பில் முழுமையாகக் கிடைக்கும். சட்டி மட்டும் சரியாக அமைய வேண்டும். வடை சுடும் கனமான இரும்புச் சட்டி இருந்தால் வேறொன்றும் வாங்காதீர்கள். பழகிய தோசைக்கல் போல அதுவும் எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்திருந்தால் கறி ஒட்டாது. தடித்த இரும்பு சூட்டைச் சேமித்து வைப்பதால், நம் அடுப்பின் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். நான்ஸ்டிக் சட்டியைக் காலியாக வைத்துப் புகையவிடக் கூடாது, அதன் பூச்சு அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல.

எல்லாக் கிண்ணங்களையும் அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். போர்வை போர்த்திய கறி. ஒரு பெரிய வெங்காயம், ஒரு குடைமிளகாய், இரண்டும் கட்டைவிரல் நகம்போல் சதுரமாக. மெல்லியதாகச் சீவிய ஒரு கேரட். பொடியாக நறுக்கிய நான்கு பல் பூண்டும் ஓர் அங்குல இஞ்சியும். விழுது வேண்டாம், அதிலுள்ள ஈரத்தால் சட்டியில் அடிப்பிடிக்கும். கலந்து வைத்த சாஸ். ஒரு கைப்பிடி முந்திரி, வெங்காயத்தாள். கழுவிய காய்களில் துளி ஈரம் இருக்கக் கூடாது.

கடலை எண்ணெய் இதற்கு மிகவும் பொருத்தம், நல்ல சூட்டைத் தாங்கும். கன்டோனியச் சமையலறையிலும் அதுதான் புழக்கம். முதலில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் மிதமான தீயில் முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிடுங்கள். பிறகு தீயை முழுக்க ஏற்றி, எண்ணெயில் லேசாகப் புகை எழும்பும்வரை காத்திருங்கள். கறியில் பாதியை மட்டும் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டி குளிர்ந்து, கறி தன் சாற்றிலேயே அவியத் தொடங்கும். பரப்பியதும் ஒரு நிமிடம் கரண்டியைத் தொடாதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறம் கண்டதும் புரட்டி, வெளுத்து முக்கால்வாசி வெந்த நிலையில் எடுத்து வையுங்கள். மறுபாதியையும் அப்படியே.

தேவைப்பட்டால் இன்னொரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, சட்டி மறுபடி நன்றாகக் காய்ந்ததும் கேரட், வெங்காயம், குடைமிளகாய் என்ற வரிசையில் போட்டு ஒன்றரை நிமிடம் புரட்டுங்கள். நடுவில் இடம் ஒதுக்கி, பூண்டு இஞ்சியைப் போட்டு மணம் எழுந்தவுடன் கறியைத் திரும்பச் சேருங்கள். சாஸ் கிண்ணத்தின் அடியில் ஸ்டார்ச் படிந்திருக்கும், நன்றாகக் கலக்கிச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள்.

இப்போது சட்டியையே பார்த்துக்கொண்டிருங்கள். ஊற்றிய சாஸ் முதலில் பால் கலந்த காப்பி நிறத்தில் கலங்கலாக இருக்கும். ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் மளமளவென்று வரும். சில விநாடிகளில் குமிழிகள் பெருத்து, வேகம் குறைந்து, மெதுவாக உடையும். அந்த நேரத்தில் கலங்கல் போய், சாஸ் கண்ணாடியாகத் தெளிந்து பளபளக்கும். ஸ்டார்ச் வெந்துவிட்டது. ஒரு துண்டுக் கறியைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று நின்றால் கறி கல்லாகும், தட்டுக்குப் போவதற்குள் சாஸ் தானே கெட்டியாகும். முந்திரியையும் வெங்காயத்தாளையும் இறக்கிய பிறகே சேருங்கள், முந்திரி கடிபட வேண்டும்.

சீனக் கடைகளில் கடைசியில் விடும் எள்ளெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பயன்படுத்துவது எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய, கருத்த, மணம் தூக்கலான எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. அதன் மணம் இட்லிப்பொடிக்கு உயிர், இதற்கு ஒத்துவராது. வறுத்த எள்ளெண்ணெய் கிடைக்காவிட்டால் ஒரு டீஸ்பூன் வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து மேலே தூவுங்கள்.

நம் ஊர்ச் சில்லி சிக்கனும் மஞ்சூரியனும் வேறு குடும்பம். கொல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்ட ஹக்கா சீனர்களின் அடுப்புகளிலும், 1975-இல் மும்பையில் நெல்சன் வாங் செய்த சிக்கன் மஞ்சூரியனிலும் உருவான சமையல் அது. பச்சை மிளகாயும் சிவப்பு நிறமும் அதற்கு அழகு. அதைப் பற்றித் தனியாகவே ஓர் இதழில் எழுத ஆசை. இந்த வதக்கலில் மட்டும் தயவுசெய்து மிளகாய்த்தூளையும் கரம் மசாலாவையும் கிட்டே சேர்க்காதீர்கள். காரம் வேண்டுகிறவர்கள் பூண்டோடு இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடலாம்.

கோழி சாப்பிடாத வாசகர்களும் இதைச் செய்யலாம். தண்ணீரை நன்றாகப் பிழிந்து, கார்ன்ஃப்ளவரில் புரட்டிய டோஃபு இந்தச் சாஸை அருமையாகப் பிடிக்கும். ஆய்ஸ்டர் சாஸுக்குப் பதிலாகக் காளானில் செய்த வகை சில கடைகளில் விற்கிறார்கள். சின்ன ஊர்களில் அது எங்கே கிடைக்கிறது, கிடைக்காத இடத்தில் நீங்கள் எதைச் சேர்த்துப் பார்த்தீர்கள், அது எப்படி வந்தது என்று எழுதுங்கள். உங்கள் குறிப்புகளை அடுத்த இதழின் சமையல் பக்கத்தில் தொகுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்